சங்குமுகத் தோடு

ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த உங்களில் பலருக்கும் இப்போது என் வயதுதான் இருக்கும். முட்டி வலிக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை என்று நாள் நகர்கிற வயது. பகல் முழுக்க ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டுப் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேரும்போது யாரோடும் பேசத் தோன்றுவதில்லை. முன்பும் நான் அதிகம் பேசியவன் இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதுவதும் எப்போதாவதுதான். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மகள் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். இத்தாலியில் ஒரு கிழவர் சங்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தேங்காய் அளவுக்குப் பெரிய சங்கு. மேலே சொரசொரப்பு, அதன் கீழே பால் வெள்ளை, அதற்கும் கீழே சுட்ட மண்ணின் நிறம் என்று மூன்று அடுக்கு. சங்கின் முதுகிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வில்லையை அறுத்தெடுக்கிறார். ஒரு குச்சியின் தலையில் அரக்கை உருக்கி வைத்து அதில் ஒட்டுகிறார். பென்சிலால் ஒரு முகத்தை வரைகிறார். பிறகு ஊசி போன்ற உளியால் சுரண்டத் தொடங்குகிறார். சுத்தியல் கிடையாது. பெருவிரலை அண்டக் கொடுத்துச் சுரண்டுவது மட்டும்தான்.

மேல் அடுக்கு போகிறது. வெள்ளை அடுக்கில் மூக்கு வருகிறது, உதடு வருகிறது. முகத்தைச் சுற்றியுள்ள வெள்ளையை முழுக்க எடுத்துவிட்டால் பின்னால் மண் நிறம் நிற்கிறது. கழுத்துக்குக் கீழே வெள்ளையை மெல்லியதாக விடுகிறார். அந்த இடத்தில் அடி நிறம் லேசாக மேலே வந்து நிழல் விழுந்ததுபோல ஆகிறது. வர்ணம் எதுவும் பூசவில்லை. ஒரு சுரண்டு கூடினால் கன்னம் ஓட்டையாகிவிடும்.

“கேமியோன்னு பேருப்பா. தங்கத்துல கட்டி, தோடு செய்வாங்களாம்,” என்றாள் மகள்.

பெயர் எனக்குப் புதிது. பொருள் புதிது இல்லை. அப்படி ஒரு சோடித் தோடு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்த எங்கள் வீட்டில் சில நாள் இருந்தது. அந்தச் சில நாளில் என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவே நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன். மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன்.

சிலிம் ரிவர் டவுனிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ரப்பர் தோட்டம் அது. அம்மா பால்வெட்டு. அப்பாவுக்கு ரப்பர் சீட்டுகளைப் புகைபோடும் கூடத்தில் வேலை. அது மரங்கள் இலை கொட்டும் மாதம். உங்களுக்குத் தெரியும், அந்த மாதத்தில் பால் குறையும், சம்பளம் குறையும், பெரியவர்களுக்குக் கோபம் கூடும். மற்ற மாதங்களில் இருண்டு கிடக்கும் மர நிரைகளில் வெயில் தரைவரை விழும். பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் காலுக்கடியில் காய்ந்த இலை அப்பளம்போல நொறுங்கும். அந்த வருடம் அதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. வெள்ளைக்காரத் துரை சீமைக்கே திரும்பிப் போகிறார், தோட்டம் கைமாறுகிறது, பங்களாவில் சாமான்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டுகிறார்கள் என்றார்கள்.

மாமா அந்தப் பங்களாவில் சமையல்காரர். கல்யாணம் கட்டாதவர். அவர் சட்டையில் எப்போதும் வெண்ணெய் வாசம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வருவார். வரும்போது கேக்கின் ஓரங்களை ஒரு தாளில் மடித்து எனக்குக் கொண்டு வருவார். போகும்போது அம்மாவிடம் எலுமிச்சங்காய் ஊறுகாய் கேட்பார்.

“போத்தல் காலி தங்கச்சி.”

“போன வாரந்தானே ரொப்பிக் குடுத்தேன். பங்களால சோறு போடுறதில்லயா? ஊறுகாயவே திங்கிறியா?”

“நாக்கு கேக்குதுலா,” என்று சிரிப்பார்.

அம்மாவும் சிரித்துக்கொண்டே ரொப்பித் தருவாள். அவர்கள் இருவரும் சேர்ந்து இருக்கும்போதுதான் அம்மா சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது காது குத்தியிருக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தாய்மாமன் கொண்டுவரும் பொன்னைத்தான் காதில் போட வேண்டும். நான் பிறந்தபோது மாமாவால் முடியவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போய் மூன்றாம் வகுப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘மொட்டக்காதன்’ என்று பெயர். நான் தலைமுடியைக் காதின்மேல் இழுத்துவிட்டுக்கொள்வேன்.

பக்கத்து வீட்டில் அத்தை இருந்தார், அப்பாவின் அக்கா. நடுவில் இருந்தது பலகைச் சுவர்தான் என்பதால் அவர் பேசுவதற்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. அங்கிருந்தே பேசுவார்.

“ஏ புள்ள, ஒங்கண்ணன் துரை வீட்டுச் சோறு திங்கிறாரு. மருமவன் காது மட்டும் மொட்டையா நிக்கிது. ஒரு குண்டுமணி பொன்னுக்கு வக்கில்லாத வீட்டுலயா நாங்க பொண்ணெடுத்தோம்?”

அம்மா விறகை உள்ளே தள்ளுவாள். அடுப்பை ஊதுவாள். அத்தை கெட்டவர் இல்லை. அம்மா வெட்டுக்குப் போன காலையெல்லாம் எனக்குச் சோறு போட்டவர் அவர்தான். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் விடமாட்டார்.

அந்த ஞாயிறு மாமா கேக் கொண்டுவரவில்லை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அம்மாவின் முன்னால் பிரித்தார்.

“என்னாண்ணே இது?”

“தோடு. துரைசானி குடுத்தாங்க. ஒனக்கு.”

“எனக்கா? என்னைய அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியும்,” என்றார் மாமா.

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முட்டை வடிவத்தில் இரண்டு வில்லைகள். சுற்றிலும் தங்கம், மெல்லிய இரண்டு கம்பிகளைக் கயிறுபோல முறுக்கிக் கட்டியது. கயிற்றின் மேலே எறும்பின் தலை அளவுக்குச் சின்னச் சின்ன இலைகள். நடுவில் தேநீர் நிறத்தில் தரை, அதன்மேல் ஒரு வெள்ளை முகம் பக்கவாட்டில். கூரிய மூக்கு, அள்ளி முடிந்த கொண்டை, கொண்டையிலும் இலைகள். கழுத்தோடு உருவம் முடிந்துவிடும். ஒரு தோட்டில் இருந்தவள் இடப்பக்கம் பார்த்தாள், மற்றதில் இருந்தவள் வலப்பக்கம் பார்த்தாள். சேர்த்து வைத்தால் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பாள். வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது தேநீர் நிறம் சிவந்து உள்ளே விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது.

அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் தோட்டத்து மாரியம்மனும் பீடத்தில் தலை மட்டும்தான். உடம்பில்லாமல் தலை மட்டும் இருந்தால் அது அம்மன் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“அம்மன் மொகம் மாரியே இருக்குண்ணே. இதப் போயி காதுல போடுறதா?”

“போடு. அவங்க போட்டுக்கத்தான் குடுத்தாங்க. கல்லு இல்ல, சங்கு. சங்கச் சொரண்டிச் சொரண்டி எடுத்ததாம். அவங்க அம்மா வழியா வந்த சாமானாம். பய காதுக்கு நான் தனியா செஞ்சிர்றேன்.”

அதற்குள் அத்தை வாசலில் வந்து நின்றுவிட்டார்.

“சங்கா? சங்க எதுக்கு ஊதுவாங்கன்னு தெரியும்ல தம்பி?”

“புள்ளைக்கிப் பால் பொகட்டுறதும் சங்குலதான்க்கா,” என்றார் மாமா.

“நல்லாப் பேசு. சரி, வெள்ளைக்காரி எதுக்குத் தங்கத்தத் தூக்கி ஒனக்குக் குடுத்தா?”

“தங்கச்சிக்குன்னு குடுத்தாங்க.”

“அதான், எதுக்கு?”

மாமா கைக்குட்டையை மடித்தார். “அது சொல்ல முடியாதுக்கா,” என்றார்.

இத்தனை வருடம் கழித்து யோசித்தால், ஏதாவது ஒரு பொய் போதும். இத்தனை நாள் சமைத்துப் போட்டதற்குக் கொடுத்தார்கள் என்றிருந்தால் அத்தை முனகிக்கொண்டே போயிருப்பார். மாமாவுக்குப் பொய் வராது. உண்மையை மறைக்கும்போதுகூட மறைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறைப்பவர்.

மறுநாள் குழாயடியில் இரண்டு பேச்சு இருந்தது. ஒன்று, பெட்டி கட்டும் குழப்பத்தில் எடுத்திருக்கிறான் என்பது. பங்களாவில் வெள்ளிக் கரண்டிகள் காணவில்லை என்று கணக்கெழுதும் கிராணி வீட்டில் சொன்னார்களாம். (அந்தக் கரண்டிகள் ஒரு பெட்டியின் அடியில் கிடந்தன என்று பிறகு சொன்னார்கள். அதை யாரும் குழாயடியில் பேசவில்லை.) இன்னொரு பேச்சு, பிள்ளைகள் வந்தால் நிறுத்தப்பட்ட பேச்சு. கல்யாணம் கட்டாத ஆள், துரை எந்நேரமும் காட்டில், பங்களாவில் அந்த அம்மா தனியாக. மாமா எந்தப் பேச்சை மறுத்தாலும் மற்றதை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “மாசி முடியிறதுக்குள்ள பயலுக்குக் காது குத்திறணும். இருக்குற பொன்ன வச்சி முடி.”

அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினாள். மாமாவிடம் சொல்லவில்லை. சிலிம் ரிவரிலேயே நகை செய்யும் பத்தர் இருந்தார். ஏன் அவ்வளவு தூரம் போகிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பீடோர், தாப்பா, கம்பார் என்று ஊர் ஊராக நின்று போன பஸ். கோப்பேங் வரும்போது வாந்தி எடுத்தேன். அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். மறு கை மடியில் முடிந்திருந்த தோட்டின் மேலேயே இருந்தது.

பத்தரின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் முழங்கால் உயரப் பலகை, பக்கத்தில் கரி அடுப்பு, ஊதுகுழல். தோட்டை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

“எங்கேருந்து வந்துச்சி தங்கச்சி?”

“எங்க வீட்டுதுதான்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

பத்தர் உரைகல்லில் ஓரத்தைத் தேய்த்தார். “மட்டத் தங்கம். செம்பு கூட இருக்கு. நடுவுல இருக்குறது வெறுஞ்சிப்பி, இதுக்கு எட கெடயாது. ஒண்ணு செய்யலாம். இத நான் எடுத்துக்கிறேன். நம்ம பவுன்ல சின்னதா ஒரு சோடி கடுக்கன் தாரேன். வித்தியாசத்தப் பொறவு பாத்துக்கலாம்.”

“வேணாம் பத்தரே. இதே பொன்னுலதான் செய்யணும். தாய்மாமன் பொன்னு, மாத்தக் கூடாது.”

“செவப்பாத்தான் வரும்.”

“வரட்டும்.”

“இந்த மூஞ்சி?”

“எடுத்துருங்க,” என்றாள் அம்மா.

அதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திருட்டுப் பொன் என்று நம்பினால் அதை என் காதில் போட ஆசைப்பட்டிருக்கக் கூடாது. இல்லையென்று நம்பினால் அவ்வளவு தூரம் போய் அடையாளம் தெரியாமல் உருக்கியிருக்கக் கூடாது. அம்மா இரண்டையும் செய்தாள். அண்ணனின் சீர் வேண்டும், அண்ணனின் குற்றம் வெளியே தெரியக் கூடாது. அவளுக்கு இருபத்தெட்டு வயதுகூட இருக்காது அப்போது.

தங்க விளிம்பு வில்லையின் ஓரத்தை மடித்துப் பிடித்திருந்தது. பத்தர் ஒரு கூரிய கம்பியால் மடிப்பை நெம்பினார். முதல் முகம் முழுசாக வெளியே வந்தது. இரண்டாவதில் கம்பி வழுக்கியது. நகம் ஒடிவதுபோல ஒரு சத்தம். மூக்கிலிருந்து தாடைவரை கோடு விழுந்து முகம் இரண்டாகிவிட்டது.

“பழைய சிப்பி, காஞ்சி போச்சி. நான் ஒண்ணும் செய்ய முடியாது,” என்றார் பத்தர். மூன்று துண்டையும் ஒரு தாளில் மடித்து அம்மாவிடம் கொடுத்தார். பிறகு அந்தக் கயிற்று விளிம்பையும் எறும்புத்தலை இலைகளையும் குறடால் நசுக்கி ஒரு சின்ன மண்கிண்ணத்தில் போட்டு ஊதினார். கொஞ்ச நேரம் இலை இலையாகவே இருந்தது. அப்புறம் ஒரு சிவந்த சொட்டு.

திரும்பி வரும்போது பாலத்தருகே அம்மா நின்றாள். உடைந்த சாமி முகத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். அம்மா கரையில் இறங்கித் தாளைப் பிரித்தாள். உடையாததையும் சேர்த்து விட்டாள். சோடியைப் பிரிக்கக் கூடாது என்றாள். ஈயச் சுரங்கத்து மண் கலந்து அந்த ஆறு எப்போதும் கலங்கலாகத்தான் ஓடும். விட்ட இடத்திலேயே முகங்கள் மறைந்துவிட்டன.

காது குத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. மாமா புது வேட்டி கட்டி, தாம்பாளத்தில் தேங்காய், பழம், எனக்குச் சட்டை எல்லாம் கொண்டுவந்திருந்தார். என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பொன் பிறகு செய்து போடுவதாகத்தான் அவர் நினைத்திருந்தார். வெற்றிலையில் கடுக்கன் இருப்பதைப் பார்த்ததும் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“இது ஏது?”

“நீ குடுத்ததுதாண்ணே.”

“மூஞ்சி?”

“ஒடஞ்சிருச்சி. ஆத்துல விட்டுட்டேன்.”

ஊசி இறங்கியபோது நான் கத்தினேன். மாமாவின் கை என் நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தது. எனக்கு வலிதான் நினைவிருக்கிறது. ஒன்று மட்டும் காதில் விழுந்தது. அவர் யாரிடமும் சொல்லாமல் சொன்னார். “எவனோ ஒருத்தன் எத்தன நாளு குனிஞ்சி ஒக்காந்து சொரண்டுனானோ.”

மூன்றாம் நாள் என் காது வீங்கியது. சீழ் வைத்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டும் அடங்கவில்லை. தலையணையில் காதை வைக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினேன். பலகைச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது.

“திருட்டுப் பொன்னு. நாம சொல்ல வேண்டாம், புள்ள காதே சொல்லுது.”

லயத்தில் அதை எல்லாரும் நம்பினார்கள். சோடனையே இல்லாத சாட்சி அல்லவா? என் மகளுக்கும் கடைத் தோடு போட்டால் இதேபோல் புண்ணாகும். கிளினிக்கில் காட்டியபோது, கலப்பு உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, நல்ல தங்கம் போடுங்கள் என்று ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மாமா பங்களாவிலிருந்து ஒரு மருந்து டப்பா எடுத்துக்கொண்டு வந்தார். என் காதை வெந்நீரில் துடைத்து மருந்து போட்டார். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். மாமா டப்பாவை மூடும்போது கேட்டாள்.

“உண்மையச் சொல்லிருண்ணே. நீ எடுத்தியா?”

மாமா அம்மாவையே பார்த்தார். அத்தை கேட்டபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

“அதக் கேக்குறது நீயா,” என்றார். டப்பாவை என் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பங்களாக் குசினியில் அடுப்பு எரியவில்லை. மாமா தோட்டத்திலேயே இல்லை. துரை கிளம்ப இன்னும் சில நாள் இருந்தது. ஓடினவன் கள்ளன்தானே என்று குழாயடியில் முடித்துவிட்டார்கள். அம்மா காலையில் வெட்டுக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். யாரிடமும் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதாகவும் பேசவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் துரையின் கார் லயத்துக்குள் வந்தது. அந்தக் கார் எங்கள் வாசல் பக்கம் வந்ததே இல்லை. துரை ஓட்டும் இடத்தில் இருந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். துரைசானி இறங்கி வந்தார். ஒல்லியான பெண். தலைக்குத் துணி கட்டியிருந்தார். யாரோ எங்கள் வீட்டைக் காட்டிவிட்டார்கள். லயமே வாசலில் நின்றது, அத்தை முதல் ஆளாக.

துரைசானிக்குத் தமிழ் வராது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மலாய் வரும்.

“அபாங் மானா?” என்றார் துரைசானி. அண்ணன் எங்கே என்று கேட்டார். சொல்லாமல் போய்விட்டாரே, பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்பதை அதோடு கையாலும் முகத்தாலும் சொன்னார்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

துரைசானி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் வயிற்றைத் தொட்டார், வாயைத் தொட்டார், வாந்தி எடுப்பதுபோல் காட்டினார். காருக்குள் இருந்த கைக்குழந்தையைக் காட்டினார். “அச்சார் காமு, செடாப்,” என்றார். உன் ஊறுகாய் ருசி. அதை மட்டும்தான் சாப்பிட்டேன் என்றார். துரைக்குத் தெரியாமல் குசினியில் நின்று சாப்பிட்டேன், யாரிடமும் சொல்லாதே என்று உன் அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன் என்று, உதட்டில் விரலை வைத்துக் காட்டிச் சிரித்தார். துரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்துக்கொண்டே துரைசானி அம்மாவின் காதைப் பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

“அந்திங் மானா?”

தோடு எங்கே. அம்மாவுக்கு அந்த மலாய் நன்றாகவே புரியும். அம்மா என் பக்கம் திரும்பினாள். என் காதில் மருந்து அப்பிய சின்னச் சிவப்புக் கடுக்கன் இருந்தது. துரைசானியும் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

கார் போன பிறகும் அம்மா வாசலில் நின்றாள். அத்தை உள்ளே போய்விட்டார். பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் அன்று பேச்சே இல்லை.

மாமா கமுந்திங்கில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சமையலுக்குச் சேர்ந்திருக்கிறார் என்று பிறகு தெரியவந்தது. அம்மா ஒரு போத்தல் ஊறுகாயோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கடையின் பின்பக்கம் பெரிய சட்டியில் மாமா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டுவந்து வைத்தார். என் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“ஆறிருச்சா?”

“ஆறிருச்சி மாமா.”

“துரைசானி வந்தாங்கண்ணே,” என்றாள் அம்மா. “நான் கேட்டது தப்பு. மன்னிச்சிரு.”

“சரி, சாப்புடு.”

“வீட்டுக்கு வாண்ணே.”

“வாரேன்,” என்றார் மாமா.

வரவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அம்மா கமுந்திங் போவாள். ஊறுகாய் கொண்டுபோவாள். போன தடவைக் காலிப் போத்தலை அவர் கழுவி வைத்திருப்பார். நன்றாகத்தான் பேசுவார். சோறு போடுவார். வீட்டுக்கு வா என்றால் வாரேன் என்பார். தோட்டம் போய், நாங்கள் புந்தோங்குக்கு வந்து, அப்பாவும் போன பிறகும் அதே கதைதான். அப்பா சாவுக்குச் சுடுகாட்டுக்கு வந்தார். என் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்தார். அம்மா இருக்கும் வீட்டின் வாசப்படியை மட்டும் மிதிக்கவில்லை.

ஒரு தடவை நானே கேட்டேன். நான் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

“ஒங்கம்மா மேல கோவம் இல்லலா,” என்றார். “அவ எத்தனையோ தடவ மன்னிப்புக் கேட்டுட்டா. அன்னிக்கு அவ கேட்டா பாரு, எடுத்தியான்னு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். ஊறுகாயப் பத்திதான் பேசக் கூடாது, இத சொல்றதுக்கு என்னா? கோவத்துல சொல்லல. அந்த வீட்டுக்குள்ள வந்தா அதச் சொல்லணும் போல இருக்கும். இப்பப் போயி எப்பிடிச் சொல்றது?”

போன வருடம் மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். கடைசி வருடங்களில் கண் மங்கிவிட்டது, இடது காது சுத்தமாகப் போய்விட்டது. ஒருநாள் காலையில் கோப்பி கொண்டுபோன என் மனைவிதான் பார்த்தாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அது வந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். கமுந்திங்குக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. சங்கு ஊத வந்தவர் கூடாரத்தின் கீழே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வயதான ஆள், வருவாரா, யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுவாரா என்று உறவுக்காரர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவின் தலைமாட்டருகே இருந்தார். அவருக்கு நடக்க முடியாது, காதும் கண்ணும் இன்னும் நன்றாக இருக்கின்றன.

மாமா காரில் வந்து இறங்கினார். கையில் துணிக்கடைப் பை. வாசலில் செருப்பைக் கழற்றினார். கழற்றுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்தார். கோடியைப் பிரித்து அம்மாவின்மேல் போர்த்தினார். அரக்கு நிறச் சேலை. மடிப்பைக் கையால் நீவி விட்டார். பெண்கள் அழுதார்கள்.

போர்த்திவிட்டுத் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக முழங்காலை மடக்கி அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். காதருகே குனிந்தார்.

“அன்னிக்குக் கேட்டியே,” என்றார். “நான் எடுக்கலம்மா.”

ரகசியமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். என்ன சொல்கிறார் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர்தான் இருந்தோம்.

அத்தை நாற்காலியிலிருந்து கையை நீட்டி மாமாவின் தோளைத் தொட்டார்.

“அந்தப் பக்கமாப் போயி சொல்லு தம்பி,” என்றார். “அவளுக்கு இந்தக் காது கேக்காது.”

மாமா அத்தையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தரையில் கையை ஊன்றி எழுந்தார். அம்மாவின் கால்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், மறுபடியும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அந்தக் காதில் சொன்னார்.